சோதனை மருந்தும் சின்னம்மாவும்

என் பிரியமான அம்மாவுக்கு,

உன் தங்கச்சி சித்தப்பாவோடு நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். உனக்கு மார்பில் வந்த அதே நோய் சின்னம்மாவுக்கும் வந்து, முதுகெலும்பு வரை பரவிவிட்டது. நீ போன அதே ஆஸ்பத்திரியில், வழக்கமான மாத்திரையோடு புதிய மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கிறார்களாம். சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு இஷ்டமில்லை. "உங்க அக்காவ வெச்சிகூடத்தான் சோதன பண்ணாங்க. இன்னா ஆச்சி?" என்றார்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். "கூடவே போய்ட்டு வந்தவ நீதான். சொல்லு கண்ணு, அந்த மருந்துதான் அக்காவ கொன்னுச்சா?"

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராதே அம்மா. பத்தாவதைப் பாதியில் விட்டு உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்களிலும் பஸ்ஸில் டிக்கெட் கேட்பது நீதான். ஜன்னல் பக்கம் எனக்கு, சாய்ந்து தூங்க என் தோள் உனக்கு. மலை இறங்கும்வரை உன் முந்தானையில் முடிந்த வறுத்த புளியங்கொட்டையைக் கடித்துக்கொண்டே போவோம். ஒரு நாள் நீ ஒன்றுகூட எடுக்கவில்லை. அந்தச் சோதனை மருந்தால் வாயெல்லாம் புண்.

ஆனாலும் டாக்டரம்மா கேட்டதும், "நல்லாகீறேம்மா" என்றாய். நல்லது செய்கிறவர்களிடம் குறை சொல்ல உனக்குக் கூச்சம். அன்றுதான் நான் வாய் திறந்தேன். "பொய்யி மேடம். கூழுகூட எறங்கல." நீ என் கையைக் கிள்ளினாய்.

டாக்டரம்மா மருந்தின் அளவைக் குறைத்தார். "நீங்க மறைச்சா உங்களுக்கும் ஆபத்து, நாளைக்கு இதச் சாப்பிடப்போற பொம்பளைங்களுக்கும் ஆபத்து" என்றார்.

"அப்படின்னா எழுதிக்கம்மா" என்று நீ ஆரம்பித்தாயே! வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, கால் எரிச்சல், கடைசியில் பக்கத்து வீட்டு ஆடு நம் அவரைக்கொடியைத் தின்றதுவரை.

"ஆட்டுக்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

புண் ஆறியது. அந்த வருடம் சாமை அறுப்புக்கு நீயே அரிவாளோடு இறங்கினாய். அதற்குப் பிறகுதான் மருந்துக்கு நோய் கட்டுப்படாமல் போயிற்று.

சின்னம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "மருந்து கொல்லல சின்னம்மா, நோவுதான் கொன்னுச்சி. மருந்து கொஞ்ச நாளு அத நிறுத்தி வெச்சிச்சி. உனக்குக் கேக்குமான்னு யாருக்கும் தெரியாது. நீ சேரலன்னாலும் இப்ப குடுக்கிற வைத்தியத்த நிறுத்தமாட்டாங்க."

சின்னம்மா, "நீ கூட வந்தா போறேன்" என்றார்.

நான் சொன்னது சரிதானா அம்மா? சின்னம்மாவுக்கும் கேட்காமல் போனால் சித்தப்பா என் முகத்தில் விழிப்பாரா?

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம். சின்னம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன், என்னென்ன தொல்லை வரும், வேண்டாமென்றால் எப்போது விலகலாம் என்று எல்லாவற்றையும் நானே கேட்பேன். குரல் நடுங்கினாலும் கேட்டுவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகள், இனி சின்னம்மாவுக்கும் மகள்,
ரம்யா