படகின் முன் இருக்கை

மே 6

எதிர்கால உலகத்துக்கு ஒரு முன்னறிவிப்பு: இனி இந்தப் பக்கங்களில் வரப்போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. பேனாவின் மேல் ஆணை, எழுதுகிற நானே பாதிதான் நம்புகிறேன்.

அக்கா மகளைக் கோடை முகாமில் இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் என் வேலை. போன இடத்தில் முகாம் தலைவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளோடு ஆற்றில் நாலைந்து நாள் படகுப் பயணம். கூட வரவேண்டிய இன்னொரு பெரியவருக்குக் காய்ச்சல். ஒற்றைப் பெரியவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பக் கூடாதாம். பயணம் ரத்து.

பிள்ளைகளின் முகமெல்லாம் காற்றுப்போன பந்து. அக்கா மகளின் முகம் இன்னும் மோசம். போன வருடம் ஆறு வளைகிற பாறைத் திருப்பத்துக்கு வந்ததும் இவள் பயத்தில் துடுப்பைப் போட்டுவிட, படகைத் தூக்கிக்கொண்டு கரையில் நடந்தார்களாம். இந்த வருடம் பின் இருக்கையில் உட்கார்ந்து நானே படகைத் திருப்பிக் காட்டுவேன் என்று வீட்டுச் சோபாவில் துடைப்பத்தோடு பழகியவள்.

என் வாய் தானாகத் திறந்தது. "நான் வர்றேன் மேடம். கடலையே துடுப்பால கலக்கினவன்."

"மாமா," என்று காதைக் கடித்தாள், "நீங்க கலக்கினது காபி மட்டும்தான்."

மே 7

ஏறினேன். நான் ஏறிய தோரணையில் ஆறு நடுங்கியது. முன் இருக்கையில் சக்கரவர்த்தியைப் போல் அமர்ந்தேன். கரையில் மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. ஏன்? போகிற திசைக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

"திரும்பி உக்காருங்க மாமா, மானம் போகுது!"

"உன்னைக் கண்காணிக்கத்தான் இந்த ஏற்பாடு."

இருந்தாலும் பெருந்தன்மையோடு எழுந்து திரும்பினேன். இருவரும் ஆற்றில். தண்ணீர் இடுப்பளவுதான். நான் விழுந்த வேகத்தில் எதிர்க்கரையில் மூன்று ஊர் நனைந்திருக்கும்.

மே 8

துடுப்புப் போட்ட வலியில், இரண்டு கையும் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். கொசு ஒவ்வொன்றும் கோழி அளவு. கூடாரத்தைக் கட்டப் போனேன், அது என்னைக் கட்டிப்போட்டது.

நாள் முழுக்க ஒரே பாட்டு. "மாமா, இடது! ஐயோ, அது வலது!" படகு பம்பரமாகச் சுற்றியது.

மாலையில் தலைவி வந்தார். "நாளைக்குப் பாறைத் திருப்பம் சார். இப்படியே சுத்தினீங்கன்னா உங்க படகை மட்டும் கரையில தூக்கிட்டுத்தான் போகணும்."

அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டாள்.

நான் வரலேன்னா பயணமே இல்ல. வந்தா அவளுக்குத் திருப்பம் இல்ல. நல்லா உதவி பண்ணினேன் போ.

மே 9, காலை

எழுத்து கோணலாக இருப்பது குளிரால். வேறொன்றுமில்லை.

மே 9, மாலை

தாண்டியாச்சு! தாண்டியாச்சு!!

அலை பத்து மாடி உயரம். பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வந்தன. நான் போட்ட சத்தத்தில் பறவைகள் வேறு கண்டத்துக்கே குடிபோயின. "மாமா, இடது! இழுங்க!" — இழுத்தேன் பாருங்கள், ஆறே ஒரு சாண் நகர்ந்துவிட்டது. பின்னால் அவள் துடுப்பைச் சாய்த்துப் பிடித்தாள். படகின் மூக்கு பாறையை உரசாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. தலைவி விசிலை ஊதி ஊதியே மூச்சுவாங்கினார். பையன்கள் கரையில் ஆடிய ஆட்டத்தில் ஒருத்தன் செருப்பு ஆற்றோடு போனது.

அவள் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. நானும்தான்.

மே 14

வீட்டில் நான் கதையளந்து, முதலையை வாலைப் பிடித்துச் சுழற்றிய கட்டத்தில் அக்கா குறுக்கிட்டாள். "டேய், இதுல ஒரு வார்த்தையாவது நிஜமாடா?"

அக்கா மகள் செல்போனிலிருந்து நிமிரவே இல்லை. அடுத்த கோடையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின் இருக்கை பழக்க வரச் சொல்லியிருக்கிறார்களாம், அந்தச் செய்தியைத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சரி, முதலை கிடையாது. அலை முழங்கால் உயரம். பாதி நேரம் நான் கண்ணைத் திறக்கவும் இல்லை.

ஆனால் அன்று திருப்பத்துக்கு முன்னால் தலைவி அவளிடம் கேட்டார், "முன்னாடி பலசாலிப் பையனா ஒருத்தனை மாத்திடலாமா?" நான் அதற்குள் இறங்க ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"வேணாம் மேடம், மாமாவே இருக்கட்டும். அவர் என்னைவிட அதிகமா பயப்படுறாரு. அதைப் பார்த்தா எனக்குப் பயம் போயிடுது."

அது மட்டும் நிஜம்.