கண்ணாடியில் தடவிய துளி

மாமா,

மதுரை ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். என் வலது கைக் கட்டியில ஊசி குத்தித் துளி சதையை உறிஞ்சி, கண்ணாடித் துண்டுல தடவிச் சாயம் போட்டாங்க டாக்டரம்மா. காலையில மைக்ராஸ்கோப்புல குனிஞ்சவங்க, உச்சிவேளை வரைக்கும் நிமிரலை. என்னா பொறுமைங்கிறீங்க!

"நானும் பாக்குறேன்"னு அடம்பிடிச்சேன்.

"கெடுதலில்லாத கட்டின்னா உள்ள இருக்குற செல்லெல்லாம் ஒரே அளவா இருக்கும்"னாங்க. ஏலக்காயைத் தரம் பிரிச்ச கண்ணாச்சே எனக்கு. "சிறுசும் பெருசுமால்லம்மா கெடக்கு"ன்னேன். அவங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒத்தத் துளியில அம்புட்டையும் கண்டுபிடிச்ச மகராசி! இன்னும் பரவலையாம், உயிருக்குப் பயமில்லையாம்.

வியாழக்கிழமை ஆபரேசன். எஸ்டேட்டுல சொல்லிட்டு வெரசா இறங்கி வாங்க.

எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காதீங்க. இடது கையில எழுதிப் பழகுறேன்.

உங்க சண்டைக்காரி