கட்டிங்குக்கு இன்னொரு ஆள்

அண்ணே,

எனக்கு நம்பர் போட்டுத்தான் எழுத வருகிறது. நீங்கள் இருந்தால் சிரிப்பீர்கள். புள்ளிவிவர அலுவலகத்திலேயே வயதான கை இது. வரிசைப்படுத்தாமல் தொடங்கினால் பாதியில் பயந்து நின்றுவிடும். சொல்ல நினைப்பவை இவை:

1. இன்று காலை வந்த கொய்யா இலை வாசனை.
2. விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், பாரின் மாடியில் இருந்த நம் மேசை.
3. குடி உங்களுடையது, துணை மட்டுமே என்னுடையது என்பது.
4. போன சனிக்கிழமை நான் தனியாக அங்கே போய்வந்தது.

எழுதிப் பார்த்ததில் வரிசை சரியாகத்தான் தெரிகிறது. எனக்குச் சரியென்று தெரிபவற்றைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் எப்படி இருக்கும் என்பதும் தெரிகிறது. இருந்தாலும் தொடங்குகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நேற்று கொய்யா மரத்தைக் கழித்து, கிளைகளை என் கேட்டுக்கு வெளியே போட்டிருந்தார். காலையில் பால்காரரின் வண்டி அதன்மேல் ஏறிப் போனது. நான் வாசலில் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். நசுங்கிய இலையின் வாசனை மேலே வந்ததும் என் கை தானாக எழும்பி வாயை மூடிக்கொண்டது. பால்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாந்தி வருகிறதோ என்று நினைத்திருப்பார். அவருக்கு என்னவென்று விளக்குவது?

திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து வெளியே வரும் வழியில், ஒரு வீட்டு மதில்மேல் அந்தக் கொய்யாக் கிளை சாய்ந்திருக்கும். நீங்கள் உயரம். நடையை நிறுத்தாமலே கையை உயர்த்தி இரண்டு இலை கிள்ளுவீர்கள். முதல் இலை எனக்கு. "நல்லா மென்னுட்டுத் துப்பு வாத்தியாரே. வூட்டுக்குப் போயி வாயத் தொறக்காத. கேட்டதுக்கெல்லாம் தலைய மட்டும் ஆட்டு." நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாராக இருந்ததில்லை. படித்தவன் என்பதற்காக நீங்கள் வைத்த பெயர் அது. மதில் முடியும் இடம் வரைக்கும் இருவரும் ஆடு மாதிரி மென்றுகொண்டு நடப்போம்.

அப்போது என் வாசனையைப் பார்க்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளும் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நான் வாயைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வாயைத் திறக்கிற வேலையே சில நாள் வருவதில்லை. பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது. நம் மேசை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்த கூட்டத்தில்தான் நீங்களும் நானும் இருந்தோம். நீங்கள் மின்சார அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். மாலையில் பாசஞ்சர் வருவதற்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில், சனிக்கிழமை அரை நாளில், என்னை அந்தச் சந்துக்குள் அழைத்துப்போனவர் நீங்கள். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகம் இல்லை, சீசன் டிக்கெட் இல்லை, சனிக்கிழமை மட்டும் இருந்தது. மதிய வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவோம். வேறு காரியம் எதுவும் கிடையாது.

கீழே கடை, மேலே பார். கடையின் கம்பிக் கதவுக்கு முன்னால் கூட்டத்தில் நிற்க எனக்குக் கூச்சம். நான் மாடிப்படியிலேயே நின்றுகொள்வேன். நீங்கள் போய் ஒரு குவாட்டர் பிராந்தி வாங்கிவருவீர்கள். மேசையில் சப்ளையர் இரண்டு பிளாஸ்டிக் டம்ளர் வைப்பார். நீங்கள் பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பாதியில் கட்டைவிரலை வைத்து, ஒரே ஊற்றாக ஊற்றுவீர்கள். விரல் வைத்த இடத்தில் பிராந்தி நிற்கும். ஆளுக்குப் பாதி. அதுதான் கட்டிங். நான் குனிந்து இரண்டு டம்ளரையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். "இன்னா, சர்வே எடுக்கிறியா?" என்பீர்கள்.

நான் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவேன், அலுவலகத்து ஆள் எவராவது வந்துவிட்டால் என்று. ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே. ஒருநாள் நீங்கள் சொன்னதற்கு பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். "நீ செவுத்தப் பாத்துக்கினு உக்காந்தா, செவுரு உன்னப் பாக்காதா?"

ஸ்டேஷன் அறிவிப்பு அங்கே தெளிவாகக் கேட்கும். பாண்டிச்சேரி வண்டி, திருவண்ணாமலை வண்டி, மாயவரம் வண்டி, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு கதை வைத்திருந்தீர்கள். அந்த வண்டியில் ஒருமுறை ஆட்டுக்குட்டியோடு ஏறியவர், பெண் பார்க்கப் போய் வேறு ஸ்டேஷனில் இறங்கிவிட்டவர், இப்படி. வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து உரித்து என் பக்கம் தள்ளிக்கொண்டே பேசுவீர்கள். மேசையில் உங்களுக்கு முன்னால் தோல் குவிந்திருக்கும். டம்ளர் அப்படியே இருக்கும். நம் வண்டிக்கு அறிவிப்பு வந்ததும், "வந்துட்டான், ஜல்தி முடி" என்று உங்கள் டம்ளரில் மிச்சமிருப்பதை என் டம்ளரில் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உங்கள் பின்னால் ஓடிவருவேன். முண்டியம்பாக்கம் தாண்டும்போது ஆலையின் வெல்லப்பாகு நாற்றம் பெட்டிக்குள் வரும். "இனிமே நம்ம நாத்தம் தெரியாது" என்று காலை நீட்டிக்கொள்வீர்கள்.

இவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதும்போது நம்ப முடியவில்லை. ஒருவேளை நான் கூட்டி எழுதுகிறேனோ என்னவோ.

மூன்றாவதுக்கு வருகிறேன். இதை நான் நீண்ட காலமாக நினைத்து வைத்திருக்கிறேன்.

உங்களுக்குக் குடி வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருக்கவில்லை, நான் உங்களோடு வந்தேன். உங்களைத் தனியாக விட்டால் முழு பாட்டிலையும் முடித்துவிட்டுத் தண்டவாளத்தில் இறங்கிவிடுவீர்கள் என்ற பயத்தில் வந்தேன். என் மனைவியிடமும் இதைத்தான் சொன்னேன்: "அவர் தனியாக உட்கார்ந்திருப்பார், போய்விட்டு வந்துவிடுகிறேன்." அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு என் பொறுப்பு கூடியதாக நினைத்துக்கொண்டேன். உங்கள் மிச்சத்தை நான் குடித்தால் அந்த அளவுக்கு உங்கள் உடம்புக்குள் போகாது அல்லவா? அப்படி ஒரு கணக்கு. நீங்கள் மதியத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தபோதும், என்னால் முடிந்தவரைக்கும் தள்ளிப்போட்டேன் என்றுதான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

உங்கள் கருமாதி அன்று அண்ணி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பற்றித் தானாகவே பேச்சை எடுத்தார்கள்.

"சனிக்கிழம ஆனா போதுங்க தம்பி. 'அவன் தனியா உக்காந்துக்கினு இருப்பான், போய்ட்டு வர்றேன்'னு சட்டைய மாட்டிக்கினு கெளம்பிடுவாரு. டாக்டரு வேணாம்னு சொன்னத எடுத்துச் சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க ஊர்ல இல்லாத வாரம் பாருங்க, வூட்ட வுட்டு அசைய மாட்டாரு."

கேட்டதும் எனக்கு, அந்த இடத்திலும், சிரிப்பு வந்தது. நான் என் வீட்டில் சொன்ன அதே வாக்கியத்தை நீங்கள் உங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள். என்னுடையது உண்மை, உங்களுடையது பொய் என்று எடுத்துக்கொண்டேன். ஆண்கள் வீட்டில் சொல்லும் பொய்தானே என்று நினைத்தபடி மோரைக் குடித்தேன்.

நான்காவது.

நீங்கள் போன பிறகு சனிக்கிழமைகளில் மதியம் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். வண்டி போகும் நேரம் தாண்டியதும் கழற்றிவிடுவேன். போன வாரம் கழற்றவில்லை. உங்கள் நினைவாக ஒருமுறை அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டு வரலாம், பாதிதான் குடிப்பது, அதற்கு மேல் இல்லை என்று தீர்மானித்துக்கொண்டு ரயில் ஏறினேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். இறங்குவதற்கும் தைரியம் வேண்டும்.

கடை வாசலில், வாழ்க்கையில் முதல்முறையாக, கூட்டத்தில் நின்றேன். தனியாக வருகிறவனுக்கென்று சின்ன பாட்டில் ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். என் முறை வந்ததும், "ஒரு கட்டிங் கொடுங்க" என்றேன்.

கம்பிக்குப் பின்னாலிருந்தவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "கட்டிங்லாம் கடையில விக்கிறதில்ல பெருசு. குவாட்டர் வாங்கிக்கோ. கட்டிங்குக்கு நீதான் இன்னொரு ஆள இட்டுக்கினு வரணும்."

எனக்குப் பின்னால் நின்ற காக்கிச் சட்டைக்காரர், "நான் வர்றேன் பெருசு, பேஜாரு பண்ணாம வாங்கு" என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே கூப்பிட்டாரா தெரியவில்லை. இப்போது நினைத்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று படுகிறது. நான் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு ஒரு குவாட்டர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

சப்ளையர் என்னைக் கண்டதும் பழக்கத்தில் இரண்டு டம்ளர் வைத்தார். மல்லாட்டையும் வந்தது. "அண்ணன் வர்லியா?" என்றார்.

"பின்னால வர்றார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்கள் இறந்த செய்தியை நானே என் வாயால் இன்னும் ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

சொன்ன பிறகு இரண்டிலும் ஊற்றத்தானே வேண்டும். கட்டைவிரலைப் பாதியில் வைத்து ஊற்றினேன். விரல் வைத்த இடத்தில் நிற்கவில்லை, உங்கள் டம்ளரில் கொஞ்சம் கூடிவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே பேச்சு இல்லை. மல்லாட்டையை உரிக்க யாருமில்லை, எனக்கு நகமும் இல்லை. என் டம்ளர் எவ்வளவு சீக்கிரம் காலியானது என்று நானே கவனிக்கவில்லை. பாண்டிச்சேரி வண்டிக்கான அறிவிப்பு வந்தது. அதற்கு எந்தக் கதையும் வரவில்லை. நம் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. உங்கள் டம்ளரை எடுத்து என் டம்ளரில் கவிழ்த்தேன். வண்டி வருவதற்கு முன்னாலேயே, யாரும் "ஜல்தி முடி" என்று சொல்லாமலேயே கவிழ்த்தேன். அதையும் குடித்தேன்.

சப்ளையர் அந்தப் பக்கம் வந்தார். இரண்டு டம்ளரும் காலியாக இருப்பதைப் பார்த்தார். "அண்ணன் வந்துட்டுப் போய்ட்டாரா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, வாயைத் திறக்காமல்.

"இன்னொன்னு வாங்கியாரட்டுமா சார்?"

வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது, அண்ணே. அவர் துணியால் மேசையைத் துடைத்து முடித்து, தோல் நீக்காத மல்லாட்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வரைக்கும் பிடித்தது.

திண்டிவனத்தில் இறங்கி மதில் பக்கம் வந்தபோது கையை உயர்த்திப் பார்த்தேன். கொய்யாக் கிளை எட்டவில்லை. எம்பியும் எட்டவில்லை. போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று தோன்றியதும் நடந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டுவிட்டு யாருக்கோ தெரியாமல் வாய் கொப்பளித்தேன்.

இன்று காலை கேட்டுக்கு வெளியே அந்த இலைகள் என் காலடியிலேயே கிடந்தன. இரண்டு இலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எழுதும்போது குனிந்தால் வாசனை வருகிறது. இரண்டில் எது உங்களுடையது என்று பிரித்து வைக்கத் தெரியவில்லை.

முடிக்கலாம் என்று மேலேயிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதலாவதில் பிழையில்லை. இரண்டாவதில் நான் கூட்டி எழுதியது எதுவும் இல்லை. மல்லாட்டைத் தோல் உங்கள் பக்கம் குவிந்திருந்தது, டம்ளர் அப்படியே இருந்தது, நானே எழுதியிருக்கிறேன். அண்ணி சொன்னதையும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நான்காவதும் நடந்தது நடந்தபடி.

மூன்றாவதுதான் தவறு, அண்ணே. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், முடியவில்லை. அது அப்படியே கிடக்கட்டும், சரியானதைக் கீழே எழுதிவிடுகிறேன். குடி என்னுடையது. சர்க்கரையோடு, டாக்டர் பேச்சைக் கேளாமல், வாரம் தவறாமல் எனக்குத் துணைக்கு வந்தவர் நீங்கள்.