முகத்துணிக்குள் இருமல்

டிசம்பர் 4

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, என் மனைவி துருசில்லா எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தியே பழகியவள்; இங்கே திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கைநடுக்கத்துக்காக மூளைக்குள் கம்பி வைத்து இரண்டு மாதம். மின்சாரப் பெட்டி நெஞ்சுத் தோலுக்கடியில். கை ஆடவே இல்லை. இன்று நானே விறகு பிளந்தேன்.

டிசம்பர் 9

மீன் சூப் மூச்சுக்குழாயில் போய்விட்டது. கம்பி வைக்குமுன் இப்படி இல்லை.

"மெதுவா முழுங்குன்னா கேக்கிறியா?" என்றாள் துருசில்லா.

மெதுவாகத்தான் முழுங்கினேன். தொண்டைதான் கேட்கவில்லை.

டிசம்பர் 15

செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக் கூழைக் கொடுத்து, முழுங்கும்போதே எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். கொஞ்சம் நுரையீரலுக்கு இறங்குகிறதாம்.

"கையை அடக்குற மின்சாரமே தொண்டையைக் கெடுக்குதோன்னு சந்தேகம்," என்றார் டாக்டரம்மா. "துடிப்பைக் குறைச்சுப் பாக்கலாம். ஆனா கை மறுபடி ஆடலாம்."

இப்படியே விட்டால்? நிமோனியா. அப்புறம் வயிற்றில் குழாய், வாயால் சாப்பாடு கிடையாது.

கிறிஸ்துமஸ் பண்டிகை முடியட்டும் என்றேன். துருசில்லா வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள்.

டிசம்பர் 28

நேற்று எழுத மாட்டேன் என்றுவிட்டாள். இன்று சொல்கிறேன்.

கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி ஆறு வரை வேடம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது எங்கள் ஊர் வழக்கம்; நேற்று நண்பன் லியாண்டர் வீட்டுக்குப் போனோம். முகத்தில் தலையணை உறை, உடம்பில் அவளுடைய பழைய பாவாடை. யாரென்று கண்டுபிடித்தால்தான் துணியைத் தூக்கி, கொடுப்பதைத் தின்ன வேண்டும். ஐந்து வருஷமாக வாசலிலேயே கை காட்டிக்கொடுத்துவிடும். நேற்று இல்லை. லியாண்டர் சுற்றிச் சுற்றி வந்தான். "யாருடா இந்தக் கிழவி? இடுப்பே இல்ல!"

வேடக்காரன் குரல் தெரியாமலிருக்க, மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவான். நானும் இழுத்தேன். எச்சில் உள்ளே போனது. அப்புறம் மூச்சே இல்லை.

"துணியக் கழட்டு! ஆளுக்கு மூச்சு முட்டுது!"

முதுகில் அடித்து மீட்டார்கள். நடந்து திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீ இல்லாம உன் கை மட்டும் எனக்கு எதுக்குய்யா?"

டிசம்பர் 30

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், துடிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். நெஞ்சின்மேல் கருவியை வைத்து மாற்றினார்கள். மத்தியானத்துக்குள் கை ஆட ஆரம்பித்தது. முன்னளவு இல்லை, ஆனால் ஆடுகிறது.

கஞ்சி நேராக இறங்கியது.

ஜனவரி 6

வேடத்தின் கடைசி நாள். அதே தலையணை உறை, அதே பாவாடை. லியாண்டர் அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை, என் கையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"உக்காரு ஆம்புரோஸ். கேக் அங்க இருக்கு."

துணியைத் தூக்கினேன். கேக் துண்டு கையிலிருந்து ஒருமுறை விழுந்தது. எடுத்தேன், மென்றேன். வீடே என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா, நான் திங்கறத பாத்ததில்லையா?"

இருமல் இல்லை. இன்னொரு துண்டு கேட்டேன்.