பட்டியலில் இல்லாத தேசிக்காய்

இன்று வெள்ளிக்கிழமை, 2008 மே 23. துவைப்பதற்காகப் பழைய மேலங்கியை எடுத்தபோது உட்பையிலிருந்து காய்ந்து கறுத்த தேசிக்காய் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. நகத்தால் கீறிப் பார்த்தேன். எலுமிச்சை மணம் இன்னும் போகவில்லை. இதை உமக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீர் மறைந்து ஆறு மாதமும் பதினான்கு நாளும் ஆகின்றன.

"அந்தக் கோடையிலை" என்றே கார்ப் பந்தயம் ஓடிய நாளை நீர் எப்போதும் சொல்வீர். கோடை அல்ல, 2006 மே 20, சனிக்கிழமை.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் பந்தயத்தில் புதிய பிரிவொன்றை அறிவித்திருந்தார்கள். பெரிய எஞ்சின் கொண்ட அமெரிக்கக் கார்கள் ஓடலாம்; தொழிலாக ஓட்டுபவர்களுக்கு இடமில்லை. ஸ்பிரிங், பிரேக், ரயர் யாவும் பட்டியலில் குறித்தவையே, எல்லாக் கார்களுக்கும் ஒன்றே. லவால் நகரில் இருபது ஆண்டுகள் பிறருடைய கார்களைத் திருத்திய நீர், விதிப்புத்தகத்தை எழுத்தர் வேலை பார்த்த என் மேசையில் போட்டீர்.

"கிளாக்கர், இனிக் காசு ஓடாது. ஓட்டுறவன்தான் ஓடுவான். நீர் வாசியும், நான் பூட்டுறன்."

அறுபத்திரண்டு பக்கங்கள். நீர் பூட்டிய ஒவ்வோர் ஆணிக்கும் எதிரே நான் அடையாளமிட்டேன். உமது இதயத்தைச் சோதித்த மருத்துவர் ஒரேயோர் ஓட்டத்துக்குத்தான் சம்மதித்திருந்தார்.

அன்று காலை, காரின் முன்பக்கம் குனிந்த பரிசோதகர் நிமிரவில்லை. வலைக்கம்பிக்குப் பின்னால் உமது மனைவி கோயிலிலிருந்து கொண்டுவந்து கட்டிய தேசிக்காய் தொங்கியது.

"இது என்ன பாகம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"சும்மா காய் எண்டு சொல்லும்" என்றீர்.

"பட்டியலிலை இல்லை. கழட்டும்" என்றேன்.

"கழட்டினால் அவ என்னை வீட்டுக்குள்ளை விடமாட்டா."

பரிசோதகருக்கு விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். பழுதான காரைத்தான் அவர்கள் தேசிக்காய் என்பார்களாம். நாமே அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே என்றார். வழக்கம்போல் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அது என் பிழை. உமது முகம் இறுகியது. சாவியை என்னிடம் நீட்டினீர்.

"அப்ப ஓட்டமே வேண்டாம்."

நான் சாவியை வாங்கவில்லை. அறுபத்திரண்டு பக்கங்களிலும் பார்வையாளரின் சட்டைப்பை பற்றி ஒரு வரியும் கிடையாது. கட்டியிருந்த நூலை அவிழ்த்துத் தேசிக்காயை என் உட்பையில் வைத்தேன்.

"வேலியோடை நிற்பன். ஒவ்வொரு சுற்றும் இதுக்கு முன்னாலைதான் போவீர்."

நீட்டிய சாவியை மடக்கிக்கொண்டீர்.

"கிளாக்கருக்கும் மூளை கிடக்கு" என்று காரில் ஏறினீர்.

பதினெட்டுக் கார்களில் பதினோராவதாக வந்தீர். தலைக்கவசத்தைக் கழற்றியதும் நீர் கேட்டது இடத்தை அல்ல.

"காய் கிடக்கோ?"

"ஓம்."

"வைச்சிரும். பேந்து வாங்குறன்."

வாங்கவில்லை.

நாளை உமது மகள் அதே காரில், அதே பிரிவில் ஓடுகிறாள். நேற்று மாலை ஐந்தே காலுக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, அம்மா தேசிக்காய் கட்டப் போறாவாம். விதி விடுமோ?"

"விடாது. என்னட்டைத் தரச் சொல்லு."

மேலங்கியைத் துவைக்கவில்லை. பழைய காயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உட்பையில் இன்னொன்றுக்கும் இடமிருக்கிறது.