வேண்டுதல் இல்லாத மொட்டை

பண்ணைக்காடு,
மன்மத வருடம், மாசி 4.

சிரஞ்சீவி அழகுமலைக்கு அம்மா சிவபாக்கியம் எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம். உன் அப்பா சுகமா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் உனக்கே தெரியும். உன் தலையில் முடி முளைத்துவிட்டதா என்று முதலில் எழுது.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. பங்குனியில் நாடகக் கம்பெனி கொழும்புக்குக் கப்பலேறுகிறது, அதனால் பி.ஏ. பரீட்சை எழுதப்போவதில்லை, ஆசீர்வாதம் செய்யுங்கள் என்று எழுதியிருந்தாய். வாசித்துக் காட்டினேன். இனிமேல் உனக்கு ஒரு வரி எழுதினால் தன் பெயர் திருமலைச்சாமி இல்லை என்று உன் அப்பா சத்தியம் செய்தார். செய்துவிட்டு, "எழுதுடி, நான் சொல்றேன்" என்று எதிரே உட்கார்ந்திருக்கிறார். சத்தியம் கைக்குத்தானாம், வாய்க்கு இல்லையாம். அவர் சொல்வதை எழுதுகிறேன். நடுவில் என் பேச்சும் வரும், நீயே பிரித்துப் படித்துக்கொள்.

மலைவாழைக் குலையைத் தோளில் சுமந்து உன்னை மதுரையில் படிக்க வைத்தாராம். (சுமந்தது குதிரை. இவர் கூட நடந்தார்.) இந்த ஊரில் முதல் பி.ஏ. தன் வீட்டிலிருந்து வரும் என்று வத்தலக்குண்டு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாராம். இது உண்மை. அதற்கு அப்பாலும் சொல்லியிருக்கிறார். "ஒன்னால என் முடியும் போச்சு, மீசையும் போச்சு" என்கிறார். இதில் நியாயம் முழுக்க அவர் பக்கம்தான்.

பொங்கலுக்கு நீ மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றாய். பழனிக்குப் பழம் அனுப்பிப் பிழைக்கிற ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாராவது ஏன் என்று கேட்பார்களா? பரீட்சை தேற வேண்டும் என்று முருகனுக்கு முடி கொடுத்திருக்கிறான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நீயும் இல்லை என்று சொல்லவில்லை. வாய் நிறையப் பொங்கலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை கொடுத்தபோது தகப்பன் சும்மா இருக்கலாமா என்று மறுநாளே பழனிக்குப் போய்த் தன் முடியையும் இறக்கிவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசையும் அதோடு போயிற்று. வாசலில் வந்து நின்றவரை யாரோ என்று நினைத்து, யார் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எம் மகன் பி.ஏ.வுக்காக" என்று தலையைத் தடவித் தடவிக் காட்டினார்.

தைப்பூசத்துக்குப் பழம் கொண்டுபோனபோதுதான் பஞ்சாமிர்தக் கடைச் சுவரில் நாடக நோட்டீசைப் பார்த்தார். கோவணத்தோடு உன் படம். 'பழனியாண்டவராக அழகுமலை பி.ஏ.' என்று கொட்டை எழுத்து. நீ முடி எடுத்தது வேஷத்துக்காக என்று அப்போது விளங்கியது. விளங்கி என்ன செய்ய? மீசை திரும்பி வருமா?

பரீட்சை எழுதாதவனுக்கு பி.ஏ. போட்ட நாடகக் கம்பெனி முதலாளி மேல் வழக்குப் போடுவேன் என்கிறார். உன் பெயரோடு பி.ஏ. சேர்த்துத் திண்டுக்கல்லில் எழுதி வாங்கிய பலகை ஒரு வருடமாக நம் கட்டிலுக்கடியில் கிடக்கிறதே, அது யார் போட்டது என்று கேட்டேன். "எனக்குச் சோலி கெடக்கு" என்று எழுந்து, லாரியில் குலை ஏற்றப் போய்விட்டார். இனி நான் தாராளமாக எழுதலாம்.

லாரிக்கார சேக் பரீது அண்ணன் ஒன்று சொன்னார். அவர் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நோட்டீசைப் பார்த்த அன்றைக்கே உன் அப்பா அவரையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போயிருக்கிறார். முதலாளியை நாலு வார்த்தை கேட்பது, உன்னைக் காதைப் பிடித்துக் கூட்டிவருவது, இதுதான் திட்டம். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றதும் டிக்கெட் வாங்கியிருக்கிறார். அதுவும் முன் வரிசைக்கு.

திரை தூக்கியதும் நீ கையில் தண்டத்தோடு நின்றாயாம். அசையவில்லையாம், கண் இமைக்கவில்லையாம். எல்லோருக்கும் முந்தி எழுந்து, கையைத் தலைக்கு மேல் குவித்து, கொட்டகையே திரும்பிப் பார்க்க அரோகரா போட்டது உன் அப்பாதானாம். சேக் பரீது அண்ணன் பதறிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து, "மச்சான், அது நம்ம அழகுமலை" என்றிருக்கிறார். "தெரியும்யா, சும்மா இரு" என்றாராம். கையை இறக்கவே இல்லையாம். நாடகம் முடிந்ததும் முதலாளியையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்.

அதனால் உனக்கு நடிக்க வரவில்லை என்று இந்த வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. என் ஆசையைக் கேட்டால், இவ்வளவு படித்தவன் பரீட்சையை எழுதிவிட்டு அடுத்த கப்பலில் போ என்பேன். காத்திருக்கச் சொன்னால் முதலாளி வேறு ஒருவனுக்கு மொட்டை அடித்துவிடுவார் என்று நீ பயப்படுகிறாய். பயப்பட வேண்டியதுதான். மொட்டை யாருக்கும் அடிக்கலாம், உன் அப்பாவை எழுந்து நிற்க வைக்க வேறு யாரால் முடியும் என்று முதலாளியிடம் கேட்டுப் பார். அதற்கு மேல் உன் இஷ்டம்.

உன் அப்பா வந்துவிட்டார். இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய் என்கிறார். விலாசம் என்றேன். மாசிப் பனியில் கோவணத்தோடு நிற்கிறாயாம், நெஞ்சில் சளி கட்டுமாம். ஒரு கம்பளிக் குல்லாயைக் கொடுத்து, சேக் பரீது அனுப்பியதாக எழுதச் சொல்கிறார். அப்படியே எழுதிவிட்டேன். கடிதத்தை ஒட்டித் தபாலில் போட அவரிடமே கொடுக்கிறேன். படிக்கமாட்டாராம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ராசா. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளை இன்னும் பழனி மலையில்தான் நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் வந்து கூப்பிட்டும் வீடு திரும்பவில்லை. அந்த வேஷத்தை எத்தனை ஊரில் வேண்டுமானாலும் போடு. அந்தக் கதையை நம் வீட்டில் மட்டும் நடத்திவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்,
அம்மா சிவபாக்கியம்.

ஏலே, ஓரத்துல எடம் கெடந்துச்சு, அதான் எழுதுறேன். சேக் பரீதுக்கு வாய் நீளம். முன் வரிசை இல்ல, ரெண்டாவது. குல்லாய் என்னோடது, கழட்டாத. பரீட்சை எழுதிட்டு வந்தாலும் சரி, எழுதாம வந்தாலும் சரி, கப்பலேறுறதுக்கு முந்தி வீட்டுக்கு வெரசா வா.

இப்படிக்கு,
பேர் இல்லாத உன் அப்பா.