சிவனாண்டிச் சித்தப்பாவின் கடம்பூர்ச் சோலி

ஓடைக்கரைப்பட்டி,
9.11.1981

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வெயிலம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மையும் நலம். ஊர் நலத்தைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாராட்டு. எம்.எல்.ஏ.வாக இருந்தபோது சட்டசபையில் நின்றுகொண்டே பேசி நம் ஊருக்கு பஸ் விட்டீர்கள். தேர்தலில் தோற்று, போக்குவரத்துக் கழகத்தில் பதவி கிடைத்ததும் மதுரையில் உட்கார்ந்துகொண்டே நிறுத்திவிட்டீர்கள். வசூல் இல்லாத வண்டிகளில் சொந்த ஊர் வண்டிக்கே முதல் கையெழுத்துப் போட்டவர் என்று பேப்பரில் புகழ்ந்திருந்தார்கள். அம்மை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அந்தப் பேப்பரை அடுப்பில் வைத்தாள்.

வசூல் குறைகிறது என்று கண்டக்டர் சொன்ன நாளிலிருந்து சிவனாண்டிச் சித்தப்பா தினமும் காலை வண்டியில் ஏறினார். தேர்தலுக்குத் தேர்தல் உங்களுக்காக மைக் பிடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். "கடம்பூர்ல என்ன சோலி சித்தப்பா?" என்று கேட்டேன். "திரும்பி வரணும்லா, அதான் சோலி. அண்ணாச்சி கொண்டாந்த வண்டி, காலியாப் போனா அவியளுக்குல்லா அசிங்கம்" என்றார். பள்ளிக்கூடம் போகும் வழியில், அவர் தூங்கும்போது தோள் துண்டை சீட்டுக் கம்பியில் முடிந்துவிடுவேன். எழுந்ததும் இழுக்கும். என்னைத் தவிர எல்லோரையும் பார்த்து, "எவட்டி அவ?" என்பார்.

பஸ் நின்றதோடு ரோட்டுக்குச் சரள் போடுவதும் நின்றது. போன மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டபோது சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மாட்டுவண்டிச் சக்கரம் கரிசலில் அச்சு வரை இறங்கிவிட்டது. கட்டிலோடு நாலு பேர் தூக்கினார்கள். சரியாமல் இருக்க அவரைத் துண்டால் கட்டிலோடு கட்டச் சொன்னார்கள். "முடிச்சுப் போட நம்ம வெயில விட்டா ஆளு யாரு" என்று சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். கட்டினேன்.

ஊர்ப் பாதை பிரியும் கடம்பூர் ரோட்டு விலக்கில், நம் வண்டி நின்ற பழைய பஸ் ஸ்டாப்பில் இறக்கிவைத்தபோது உயிர் இல்லை. முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது. என்னால் அவிழ்க்க முடியவில்லை. அரிவாளால் அறுத்தார்கள்.

உங்களுக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்றது அம்மைதான். "எந்த மொகத்த வச்சிக்கிட்டு வருவாவ" என்றாள். சித்தப்பா வீட்டுக்குப் போய், வேலுத்தாய்ச் சித்தி முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தாள். சித்தியோ, "அண்ணாச்சிய வையாதிய அக்கா. கலெக்சன் இல்லாட்டி அவிய என்ன செய்வாவ" என்கிறாள். சித்தி வைதிருந்தால் அம்மை இந்நேரம் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள்.

வருகிற வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள். அம்மைக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். ஜீப்பில் வர வேண்டாம். டிக்கெட் எடுத்து கடம்பூர் பஸ்ஸில் வந்து, விலக்கில் இறங்கி நடந்து வாருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மண் விடாது. நான் விலக்கில் வந்து நிற்பேன். பகடி எதுவும் பண்ண மாட்டேன் அப்பா. கூட நடந்து வருவேன்.

நீங்கள் வந்து சேரும் வரையாவது மழை வெறித்து ஓய்ந்திருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு,
உங்கள் மகள்,
வெயிலம்மாள்